டிசம்பர் லீவுக்கு எங்க தரங்கம்பாடி வீட்டுக்கு வர்ற ஃப்ரெண்ட்ஸ் வருஷா வருஷம் கேக்குற கேள்விகள்

தாத்தா கட்டின வீடு ஒண்ணு தரங்கம்பாடில இருக்கு, மொட்டை மாடி ஏறி நின்னா கடல் தெரியும். பக்கத்து வீட்ல சித்தி இருக்காங்க, சாவி அவங்ககிட்ட. காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் ஏழெட்டு பேர் டிசம்பர் 23, 24 வாக்குல வந்து ஜனவரி 1 இல்ல 2 வரைக்கும் தங்குறது ஏழு வருஷமா நடக்குது. நவம்பர் வந்தாலே வாட்ஸ்அப் க்ரூப்ல அதே சந்தேகங்கள், அதே வாய்ஸ் நோட், டைப் பண்ணி டைப் பண்ணி விரல் தேஞ்சு போச்சு. அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன், புதுசா வர்றவங்க இதைப் படிச்சுட்டு வாங்க. கேள்விகள் உங்க வார்த்தையிலயேதான் இருக்கு.

டிசம்பர்னா குளிருமா? ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணுமா?

வேணாம். ராத்திரி 21, 22 டிகிரி, பகல்ல 28, 29. பெங்களூர்ல இருந்து வர்றவங்க முதல் நாளே ஃபேன் போடச் சொல்லுவீங்க. ஆனா விடியக்காலைல மாடில நிக்கும்போது வாடைக்காத்து அடிச்சா காது அடைச்சுக்கும், ஒரு துண்டு இருந்தா போதும், தலையில கட்டிக்கிட்டு எங்க ஊர்க்காரங்க மாதிரியே இருக்கலாம்.

ஸ்வெட்டருக்குப் பதிலா ரெண்டு செட் துணி கூட எடுத்துட்டு வாங்க. எதுக்குன்னு அடுத்த கேள்வில.

மழை பெய்யுமா? பீச் ட்ரிப் ஸ்பாயில் ஆயிடாதா?

பெய்யும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும், எங்க பக்கம் வருஷத்து மழையில பெரும்பங்கு இந்த மூணு மாசத்துலதான் கொட்டும். டிசம்பர் கடைசி வாரத்துல கொஞ்சம் ஓஞ்சிருக்கும், அதுக்கு கேரன்ட்டி எல்லாம் கிடையாது. ஒரு வருஷம் எட்டு நாளும் வெயில், அடுத்த வருஷம் எட்டு நாள்ல அஞ்சு நாள் மழை. ஈரக்காத்துல துணி காயவே காயாது, கொடில ரெண்டு நாள் தொங்கின ஜீன்ஸ் மூணாவது நாள் நாய்க்குட்டி மாதிரி நாறும். ஜீன்ஸே வேணாம், லுங்கி, ஷார்ட்ஸ், காட்டன் நைட்டி இதெல்லாம்தான் இங்க செட் ஆகும்.

ஸ்பாயில் ஆகுமான்னா, நீங்க எதுக்கு வர்றீங்கன்றதைப் பொறுத்தது. நீலத் தண்ணி, வெள்ளை மணல், தண்ணிக்குள்ள நின்னு போட்டோ, இதுக்குன்னா பிப்ரவரில வாங்க. டிசம்பர்ல எங்க கடல் பாக்குறதுக்கு மட்டும்தான். மழை கடல் மேல நடந்து வர்றது மாடில இருந்து தெரியும், முதல்ல தூரத்துல ஒரு சாம்பல் கோடு, அப்புறம் அந்த கோடு தடிமனாகும், அப்புறம் கரைல இருக்குற டேன்ஸ்போர்க் கோட்டையே மறையும், அடுத்த நிமிஷம் வடகத்தை எடுக்க சித்தி ஓடுவாங்க.

எப்படி வர்றது? ட்ரெயினா காரா?

சென்னைல இருந்து வர்றவங்க எழும்பூர்ல ஏறி மயிலாடுதுறைல இறங்குங்க. பகல்னா சோழன், ராத்திரின்னா உழவன். டிக்கெட் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ஓபன் ஆகும் (முன்னாடி 120 நாள் இருந்துச்சு, 2024 நவம்பர்ல மாத்திட்டாங்க), அதனால டிசம்பர் 24க்கு அக்டோபர் கடைசிலயே உக்காந்துடணும், தீபாவளி போனஸ் வரட்டும்னு இருந்தா வெயிட்டிங் லிஸ்ட்தான். மயிலாடுதுறைல இருந்து பொறையார் (எங்களுக்குப் பக்கத்து ஊர்) பஸ் இருக்கு, ஷேர் பண்ணா டாக்ஸியும் கட்டுபடியாகும். தரங்கம்பாடிக்கே ஒரு காலத்துல ட்ரெயின் வந்துச்சு, 1986ல நிறுத்திட்டாங்க, தாத்தா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சார்.

கார்னா பாண்டி, கடலூர், சிதம்பரம், சீர்காழி. ஆறேழு மணி நேரம் ஆகும், சில வருஷம் ரோடு வேலை நடந்தா எட்டு. சீர்காழி தாண்டினதும் ரெண்டு பக்கமும் சம்பா வயல் பச்சையா நிக்கும், ஜன்னலை இறக்கிடுங்க. ஆனா டீக்கடைல நின்னு 'மழை செம்ம சார்'னு சொல்லாதீங்க, அறுப்புக்கு ஒரு மாசம் இருக்கும்போது தண்ணி நின்னா பயிர் போச்சு, அங்க டீ குடிக்கிறவங்க அந்தக் கவலைலதான் இருப்பாங்க.

வீட்ல ஏசி இருக்கா? வைஃபை? வெஸ்டர்ன் டாய்லெட்?

ஏசி ஒரு ரூம்ல, வைஃபை மழை இல்லைன்னா, வெஸ்டர்ன் ஒண்ணு. கரண்ட் போகும், இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும், அதுல இன்டக்ஷன் அடுப்பு போட்ட ஆளு யாருன்னு க்ரூப்ல எல்லாருக்கும் தெரியும். கிணத்துத் தண்ணி லேசா உப்புக் கரிக்கும், குளிக்கலாம், சோப்பு நுரை வராது. குடிக்க கேன் வாங்கி வெச்சிருப்போம். கொசு உண்டு, மழைக்கு அப்புறம் டெங்கு சீசனும்கூட, கொசுவலை இருக்கு, வெக்கப்படாம கட்டிக்கோங்க.

கடல்ல குளிக்கலாமா?

கூடாது. டிசம்பர்ல கூடாது. இதுல என்கிட்ட பேரம் பேசாதீங்க.

காரணம் சொல்றேன். இந்த மாசம் அலை பெருசு, கரையும் சரிவு, முழங்கால் தண்ணில நிக்கிறப்பவே அடுத்த அலை காலுக்கடில மணலை உருவிட்டுப் போகும். அதைவிட மோசம் உள்ளிழுப்பு. அலை கொண்டு வந்து கொட்டுற தண்ணி எல்லாம் திரும்பிப் போகணும்ல, அது ஏதோ ஒரு ஒடுக்கமான வாய்க்கால் வழியா சேர்ந்து வேகமா வெளிய போகும், அந்த இடத்துல அலை உடையாது, தண்ணி கொஞ்சம் கருப்பா அமைதியா இருக்கும், நீச்சல் தெரிஞ்சவன்தான் 'இங்க அலை கம்மி மச்சான்'னு அங்க போய் இறங்குவான். மாட்டிக்கிட்டா கரையைப் பாத்து நீந்தவே கூடாது, அதோட மல்லுக்கட்டித்தான் களைச்சுப் போறாங்க. கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளிய வந்துட்டு, அப்புறம் கரைக்குத் திரும்பணும், முடியலைன்னா மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் கத்தணும். காப்பாத்துறேன்னு இன்னொருத்தர் குதிக்கக் கூடாது, கயிறு, கேன், டியூப் எது இருந்தாலும் தூக்கிப் போடணும்.

நாலு வருஷம் முன்னாடி எங்க செட்லயே ஒருத்தன், ஸ்டேட் லெவல் ஸ்விம்மர், கேக்காம இறங்கினான். கரைல வலை பின்னிட்டிருந்த ரெண்டு அண்ணன்மாருங்க ஃபைபர் போட்டைத் தள்ளிட்டுப் போய் தூக்கிட்டு வந்தாங்க. வந்து மணல்ல உக்காந்து ஒரு மணி நேரம் வாயே தொறக்கல அவன். அந்த அண்ணன் சொன்னது ஒண்ணுதான், "நாங்களே இந்த மாசம் பாத்துப் பாத்துத்தான் தம்பி இறங்குறோம்." கால் நனைக்கணும்னா நனைங்க, கணுக்கால் வரைக்கும். சொறி மீன் (ஜெல்லி ஃபிஷ்) ஒதுங்கிக் கிடந்தா மிதிக்காதீங்க, செத்துக் கிடந்தாலும் அரிக்கும்.

கோட்டை பக்கத்துல இருக்குற கல்லு மேல ஏறி போட்டோ எடுக்கலாமா?

அது கடல் அரிக்காம இருக்கப் போட்ட கல்லு. பாசி பிடிச்சிருக்கும், ஈரத்துல வாழைப்பழத் தோல் மாதிரி. மேல உள்ள பதில்தான் இதுக்கும்.

சன்செட் எங்க நல்லா தெரியும்?

கடல்ல தெரியாதுப்பா, இது கிழக்குக் கடற்கரை. சன்ரைஸ் 6.25, 6.30க்கு, அதுக்கு எந்திரிங்க. எந்திரிக்க அலாரம் தேவைப்படாது, மார்கழி மாசம், அஞ்சு மணிக்கெல்லாம் கோயில் ஸ்பீக்கர்ல திருப்பாவை ஆரம்பிச்சுடும். முதல் நாள் திட்டுவீங்க, நாலாவது நாள் ஸ்பீக்கருக்கு முன்னாடியே முழிப்பு வந்துடும்.

தினமும் மீன் கிடைக்குமா? எனக்கு நண்டு வேணும்.

போட் போனா கிடைக்கும், போகலைன்னா கிடைக்காது. புயல் எச்சரிக்கைன்னு சொல்லி மூணு நாள் கடலுக்குப் போகத் தடை போட்டா மூணு நாளும் சித்தி வீட்டு கத்திரிக்கா கொத்சுதான், கடல் எதிர்க்கயே இருந்தும் மீன் இல்லையான்னு கேக்காதீங்க. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் போடுற தடைக்காலம் வேற, அது மீன் குஞ்சு பொரிக்கிற சீசனுக்கு, அதோட இதைக் குழப்பிக்க வேணாம்.

போட் வந்த நாள்ல காலைல கரைக்குப் போகலாம், ஏலம் வேடிக்கை பாருங்க, நடுவுல நின்னு ரேட் கேட்டுக் குழப்பாதீங்க. ஏலம் முடிஞ்சதும் அக்காங்க அன்னக்கூடையை இறக்கி கூறு போட்டு விப்பாங்க. கிழங்கான் வாங்குங்க, வஞ்சிரம் சென்னைலயே கிடைக்கும். கொஞ்சம் காசு குடுத்தா அங்கயே ஆஞ்சு குடுத்துடுவாங்க. பிக் ஷாப்பர் பை கொண்டு போங்க, போன தடவை ஒரு மேடம் லேப்டாப் பையில நண்டு எடுத்துட்டு வந்தாங்க, அந்தப் பை இன்னும் எங்க மாடிலதான் கிடக்கு.

மார்கழில உங்க சித்தி வீட்ல கவுச்சி சமைக்கலாமா?

சித்தி வீட்ல இல்ல, நம்ம வீட்டுக் கொல்லைப்புறத்துல விறகடுப்பு இருக்கு, அங்க. சித்தி மார்கழி பூரா சாப்பிட மாட்டாங்க, ஆனா மசாலா அரைச்சுக் குடுத்துட்டு, திண்ணைல உக்காந்து 'புளி பத்தாது, இன்னும் கொதிக்கட்டும்'னு டைரக்‌ஷன் மட்டும் குடுப்பாங்க. அவங்களை அக்கா, ஆன்ட்டின்னு எல்லாம் கூப்பிடாதீங்க, எல்லாருக்கும் சித்திதான்.

காசு எப்படி பிரிக்கிறது? வாடகை எவ்ளோ?

வாடகை கேட்டீங்கன்னா சித்தி கதவைச் சாத்திடுவாங்க. சாப்பாடு, கேஸ், தண்ணி கேன், வேலை செய்ய வர்ற அக்காவோட சம்பளம், இதெல்லாம் ஒரு பொது டப்பால, ஆளுக்கு இவ்ளோன்னு முதல் நாளே போட்டுடணும். ஆப்ல கணக்கு வெச்சு 37 ரூபாய்க்கு நோட்டிஃபிகேஷன் அனுப்புற பழக்கத்தை ஊர்லயே விட்டுட்டு வாங்க. குடிக்கிறவங்க செலவு தனி, குடிக்காதவங்க தலையில கட்டக்கூடாது. ரெண்டு நாள் மட்டும் வர்றவங்களும் முழுசாத்தான் குடுக்கணுமான்னா, வேணாம், ஆனா அந்த ரெண்டு நாளும் பாத்திரம் அவங்களுது.

சரக்குன்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, காரைக்கால் பக்கம்தானே?

பக்கம்தான். அது புதுச்சேரி, இது தமிழ்நாடு, நடுவுல செக்போஸ்ட். தமிழ்நாட்டு வரி கட்டாத சரக்கை இந்தப் பக்கம் கொண்டு வர்றது மதுவிலக்குச் சட்டத்துல குற்றம், வண்டியையும் பிடிச்சு வெச்சுடுவாங்க. நியூ இயர் வாரத்துல வண்டிக்கு வண்டி டிக்கியைத் திறந்து பாப்பாங்க. நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் போய் 31ம் தேதி ராத்திரி ஸ்டேஷன்ல உக்காந்திருக்க வேணாம். காரைக்கால் போய் சாப்பிட்டுட்டு வர்றேன்னா டிரைவர் குடிக்காதவரா இருக்கணும், அவ்ளோதான்.

26ம் தேதி பீச்ல கேம்ப் ஃபயர் போடலாமா?

எந்த நாளும் போடலாம்னு சொல்லல, 26 மட்டும் கண்டிப்பா கூடாது.

2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் காலைல சுனாமி. அப்ப தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்துல இருந்துச்சு (மயிலாடுதுறை தனி மாவட்டமானது 2020ல), தமிழ்நாட்லயே அதிகமா செத்தது அந்த மாவட்டத்துலதான், ஆறாயிரத்துக்கும் மேல. எங்க ஊர் மீனவர் தெருல ஆள் போகாத வீடு தேடணும். ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் கடலுக்குப் போக மாட்டாங்க, கரைல பால் ஊத்தி பூ போட்டு அழுவாங்க. உங்களுக்கு அது லீவுல நடுநாள், அவங்களுக்குத் திவசம். அன்னிக்கு ஸ்பீக்கர் கிடையாது, மாடில டான்ஸ் கிடையாது, கறி கிடையாது. அங்க போய் நிக்கணும்னு தோணுச்சுன்னா ஓரமா நில்லுங்க, போனை எடுக்காம.

முதல் வருஷம் எங்களுக்கே இது தோணல. 25ம் தேதி ஆட்டம் 26 விடிய வரைக்கும் போச்சு, காலைல சித்தி வந்து ஒண்ணும் சொல்லாம பாட்டை மட்டும் அணைச்சுட்டுப் போனாங்க. அவங்க கூடப் படிச்சவங்க மூணு பேரு அந்த அலையில போனாங்கன்னு அதுக்கு அப்புறம்தான் தெரியும்.

சுனாமி திரும்ப வந்தா? புயல் வந்தா? எங்க வீட்ல பயப்படுறாங்க.

சுனாமிக்கு இப்ப ஹைதராபாத்ல எச்சரிக்கை மையம் இருக்கு, 2007ல இருந்து. அதையும் தாண்டி உங்க கண்ணுக்குத் தெரியுற அடையாளம், கடல் திடீர்னு உள்வாங்கி தரை தெரிஞ்சா சிப்பி பொறுக்கப் போகாதீங்க, மேற்கப் பாத்து ஓடுங்க.

புயல்தான் நெசமான விஷயம். டிசம்பர் கடைசில எல்லாம் வராதுன்னு சொல்றவங்களுக்கு தானே புயலை ஞாபகப்படுத்துறேன், 2011 டிசம்பர் 30 காலைல கடலூர் பக்கம் கரையைக் கடந்துச்சு. நாகை, காரைக்கால் துறைமுகத்துல எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தினாங்கன்னு நியூஸ்ல வரும், மொத்தம் 11 வரைக்கும் உண்டு. 1, 2 எல்லாம் தூரத்துல ஏதோ நடக்குதுன்னு அர்த்தம். நம்பர் ஏற ஏற மூட்டை கட்டணும். எங்க ரூல் சிம்பிள், ஆரஞ்சு அலர்ட்னா வர்றவங்க கிளம்ப வேணாம், சிவப்புன்னா இருக்குறவங்க முந்தின நாள் பகல்லயே கிளம்பணும், டிக்கெட் காசு போனா போகட்டும். மாட்டிக்கிட்டா மாவட்ட உதவி எண் 1077, ஆம்புலன்ஸ் 108. காத்து பட்டுனு நின்னு வானம் வெளுத்தா முடிஞ்சுதுன்னு வெளிய வராதீங்க, புயலோட கண்ணு நம்ம மேல இருக்கும், அடுத்த காத்து எதிர்ப்பக்கத்துல இருந்து வரும்.

வீட்லயே அடைஞ்சு கிடந்தா சண்டை வராதா?

வரும். மூணாவது மழை நாள் சாயங்காலம் நாலு மணிக்கு வரும், கரெக்டா. ஒரு தடவை பல்லாங்குழி சோழில ஒண்ணு காணோம்னு ஆரம்பிச்சு 2014 காலேஜ் டூர் வரைக்கும் போச்சு. அந்த நேரத்துக்கு பஜ்ஜி போடுறதுன்னு வெச்சிருக்கோம். வெங்காயம் நறுக்குறவங்க அழலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

அந்த ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல, ரெண்டு பேரையும் ஏன் கூப்பிட்டீங்க?

ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ், அதனால கூப்பிட்டேன். இன்னொருத்தரும் வர்றாங்கன்னு ரெண்டு பேர்கிட்டயும் முன்னாடியே சொல்லிட்டேன், மறைச்சு வெச்சு சமாதானம் பண்ற வேலை எனக்கு ஆகாது. தனித்தனி ரூம், தனித்தனி வண்டி. அதுக்கு மேல அவங்க பாடு. நீங்க இடைல புகுந்து கை குலுக்க வைக்காதீங்க.

சுத்திப் பாக்க என்ன இருக்கு? ஒரு நாள்ல முடிஞ்சிடுமா?

அவசரப்பட்டா மூணு மணி நேரத்துல முடிஞ்சிடும், அதனாலதான் அவசரப்படாதீங்கன்னு சொல்றேன். டேன்ஸ்போர்க் கோட்டை, 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர்கிட்ட ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரங்க கட்டினது, 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போற வரைக்கும் ஊரே அவங்க கையில. சீகன்பால்க்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் 1706ல இங்க வந்து இறங்கி, தமிழ் கத்துக்கிட்டு, அச்சுக்கூடம் வெச்சு, 1715ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சார். 1718ல கட்டின புது எருசலேம் கோயில்லதான் அவரோட கல்லறை, 24 ராத்திரி ஆராதனைக்கு சாமி கும்பிடாதவங்களும் வந்து பின்னாடி நிக்கலாம், போன்ல பேசாம இருந்தா போதும்.

கோட்டைக்குப் பக்கத்துல மாசிலாமணிநாதர் கோயில், பாண்டியர் காலம், பாதி கோயிலைக் கடல் கொண்டு போயிடுச்சு, மிச்சத்தைத்தான் சரி பண்ணி வெச்சிருக்காங்க. அங்க நின்னு கடலைப் பாத்தா, தாத்தா வீட்டை ஏன் ரெண்டு தெரு தள்ளிக் கட்டினார்னு புரியும். வண்டி இருந்தா திருக்கடையூர், பூம்புகார். திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணக் கூட்டம் அள்ளும், விடியக்காலைலயே போயிடுங்க.

ஓசோன் காத்து அடிக்கிற ஊர்னு சொல்றாங்களே, உண்மையா?

ஊருக்கு வர்ற எல்லாரும் கேக்குறாங்க. கடல் வாசனைன்னு நாம மோந்து பாக்குறது பெரும்பாலும் கடல் பாசியும் பாக்டீரியாவும் விடுற ஒரு கந்தக வாயு. ஓசோனை நெசமாவே நிறைய இழுத்தா நுரையீரலுக்குக் கெடுதி. காத்து நல்லா இருக்கு, அது போதாதா.

லேப்டாப் கொண்டு வந்து அங்கிருந்தே வேலை பாக்கலாமா?

வைஃபை நிலவரம் மேலயே சொல்லிட்டேன். அதோட உப்புக்காத்து. எங்க வீட்டுக் கதவுக் கீலை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறோம், கேட்டைத் தொட்டா துரு கையோட வரும். ஒரு வாரத்துல லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா மாடில திறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போகாதீங்க.

31ம் தேதி ராத்திரி பட்டாசு?

வீட்டு வாசல்ல, பன்னெண்டு மணிக்கு, பத்து நிமிஷம். பீச்ல வேணாம். டிசம்பர் கடைசில இருந்தே பங்குனி ஆமை முட்டை போடக் கரையேற ஆரம்பிக்கும், வெளிச்சமும் சத்தமும் இருந்தா திரும்பிப் போயிடும். செத்து ஒதுங்கின ஆமையைப் பாத்தா தொடாதீங்க, சித்திகிட்ட சொன்னா வனத்துறைக்குத் தகவல் போகும்.

குழந்தை, நாய் கூட்டிட்டு வரலாமா?

குழந்தை தாராளமா, ஒரு பெரியவங்க கை குழந்தை கையில இருக்கணும் கடற்கரைல எப்பவும். கிணத்துக்கு மூடி இருக்கு, பூட்டிடுவோம். நாய் வேணாம், தெருவுல ஏற்கெனவே பதினோரு பேர் இருக்காங்க.

கிளம்பும்போது சித்திக்குப் பணம் குடுத்தா தப்பா நினைப்பாங்களா?

தப்பா நினைப்பாங்க. காபித்தூள் வாங்கிட்டு வாங்க, கும்பகோணம் டிகிரி எல்லாம் அவங்ககிட்ட இருக்கு, கூர்க் கேப்பாங்க. ரூமைப் பெருக்கி, பாயைச் சுருட்டி, காலை உதறிட்டு வண்டில ஏறுங்க. சாவியைச் சித்தி கையில குடுங்க, ஆணில மாட்டாதீங்க, பாக்கெட்ல போடாதீங்க. போன வருஷம் வீட்டுச் சாவி ஓசூர் வரைக்கும் போயிட்டு கூரியர்ல திரும்பி வந்துச்சு, மூணு நாள் சித்தி கொல்லைப்பக்கமா ஏறிக் குதிச்சு மாட்டுக்குத் தண்ணி வெச்சாங்க.